மாஸ்டர் மூக்குக்கு ஒரு மாஸ்க்

போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்குவதற்காக, நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எனக்குப் பிறகு தூக்கப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற நஸ்ரின் என்னைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். சிரிக்காமல் நேராகப் பார்க்கச் சொன்னாள். இடது பக்கம் திரும்பச் சொன்னாள், பிறகு வலது பக்கம். திரையில் என் முகத்தின் மேல் பச்சைப் புள்ளிகள் ஓடின. கடைசியில் 'மீடியம்' என்று வந்தது.

"அம்புட்டுத்தான் சிஸ்டர். இனிமே ஸ்கேல வச்சு மூக்க அளக்க வேண்டியதே இல்ல. போனே மாஸ்க் சைஸ் சொல்லிரும்" என்றாள்.

நல்லதுதான். அட்டையில் வெட்டிய அளவுச் சட்டத்தை நான் ஒவ்வொருவர் மூக்கிலும் வைத்துப் பார்த்த காலத்தில் பாதிப் பேருக்குத் தும்மல் வந்துவிடும். தும்மல் அடங்கும்வரை காத்திருந்து மறுபடி அளக்க வேண்டும். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. போன் மீடியம் என்று சொல்லி, ஆள் மாட்டேன் என்று சொன்னால் என்ன செய்வாய் என்று அவளிடம் கேட்டேன். முதலில் சிரித்தாள். பிறகு, தினமும் நடப்பது அதுதான் என்றாள். நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள், எழுதிக் கொடுங்கள், புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு உதவும் என்று கேட்டுக்கொண்டாள். பாடம் எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

என் பெயர் ஜெயராணி. காரைக்குடியில் ஒரு நெஞ்சு நோய் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மதுரையில் படித்தது, முதல் ஊசி போடும்போது கை நடுங்கியது, பிரசவ வார்டில் மூத்த சிஸ்டர்களிடம் திட்டு வாங்கியது, இதெல்லாம் எல்லா நர்ஸுக்கும் உள்ள கதை. அதை விட்டுவிடுகிறேன். வேலையின் கடைசிக் காலம் முழுக்கத் தூக்கப் பிரிவில் இருந்தேன். தூக்கப் பிரிவில் வேலை என்று சொன்னால் என் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள். குடுத்து வச்சவ என்பார்கள்.

அந்த நோயைப் பற்றி இரண்டு வார்த்தை. சிலருக்குத் தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு போகிற வழியை அடைத்துக்கொள்ளும். மூச்சு நின்றுபோகும். உடம்பு பதறி ஒரு உலுக்கு உலுக்கும், மூச்சு திரும்ப வரும், மறுபடி அடைக்கும். விடிய விடிய இதே கூத்து. ஆனால் தூங்குகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. காலையில் எழுந்தால் கல் சுமந்தவர் போல் அசதியாக இருக்கும், பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்குவார். இதற்கு ஒரு சின்ன மெஷின் உண்டு. காற்றை மெல்லிய அழுத்தத்தோடு ஒரு குழாய் வழியாக அனுப்பி, தொண்டை மூடிக்கொள்ளாமல் பிடித்து வைக்கும். எங்கள் பக்கத்தில் அதற்குக் குறட்டை மெஷின் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மெஷினில் யாருக்கும் தகராறு இல்லை. குழாயின் முனையில் முகத்தில் மாட்டிக்கொள்கிற மாஸ்க் இருக்கிறதே, தகராறு முழுக்க அதில்தான்.

எங்கள் தலைமை மருத்துவர் டாக்டர் உமையாள். எல்லாருக்கும் டாக்டரம்மா. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரணமாக என்னை ராணி என்பார். ஏதாவது பிசகினால் சிஸ்டர் ஆகிவிடுவேன். மேடம் என்று கூப்பிட்டால் அன்றைக்கு என் பாடு திண்டாட்டம். நோயாளி வந்து உட்கார்ந்தால் அவரிடம் எதுவும் கேட்க மாட்டார், கூட வந்தவரைத்தான் கேட்பார். தூங்கினவருக்கு என்ன தெரியும், பக்கத்தில் தூங்காமல் கிடந்தவர்தானே சாட்சி என்பது அவர் கட்சி. நடுவில் கணவர் வாயைத் திறந்தால் ஒரு விரலை மட்டும் உயர்த்துவார், அவர் மூடிக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வாய்ப்புக்குக் காத்திருந்தவர்கள் மாதிரி, சில பெண்கள் குறட்டையில் ஆரம்பித்து மாமியார்வரைக்கும் போய்விடுவார்கள். குறட்டை முடிந்த இடத்தில் டாக்டரம்மாவின் பேனா நின்றுவிடும். மீதியைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு இருப்பார்.

தான் போட்டுப் பார்க்காத மாஸ்க்கை அடுத்தவருக்குப் போடக் கூடாது என்பது எங்களுக்கு அவர் வைத்த சட்டம். அதனால் ஒவ்வொரு ரகமும் முதலில் என் வீட்டுக்கு வரும். முதல் தடவை நான் மாட்டிக்கொண்டு படுத்திருந்ததை விடிந்ததும் பார்த்த என் வீட்டுக்காரர் நேரே சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். நோயாளிகளுக்கு டாக்டரம்மா வைத்த சட்டம் வேறு. மாஸ்க் பார்க்க வருகிறவர் தன் வீட்டுத் தலையணையோடு வர வேண்டும். ஆஸ்பத்திரித் தலையணையில் சரியாக உட்கார்ந்த மாஸ்க் வீட்டுத் தலையணையில் நகர்ந்துவிடும் என்பார். அதனால் எங்கள் வராந்தாவில் எப்போதும் நாலைந்து பெரிய மனிதர்கள் மடியில் தலையணையை வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள். பஸ்ஸில் வந்த ஒருவரிடம் நடத்துனர், ஊருக்குப் போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆகாதே அண்ணே என்று சொன்னாராம்.

மாஸ்க்கை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் மாட்டிப் பார்ப்போம். உட்கார்ந்திருக்கும்போது மாட்டினால் பிரயோஜனம் இல்லை. மல்லாந்து படுத்தால் கன்னமெல்லாம் காதுப் பக்கம் சரிந்து, முகமே வேறு முகம் ஆகிவிடும். அதனால் படுக்கவைத்து, மெஷினை ஓடவிட்டு, காற்று வரும்போதுதான் மாஸ்க்கைத் தலையோடு கட்டுகிற வாரைச் சரி செய்வோம். வாருக்கும் கன்னத்துக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். பிறகு ஒரு பஞ்சுத் திரியை மாஸ்க்கின் விளிம்பைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோவேன். திரி ஆடினால் அங்கே காற்று ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகினால் வாரை இறுக்கக் கூடாது, தளர்த்திவிட்டு மறுபடி உட்காரவைக்க வேண்டும். ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். குழாய் ஒழுகினால் இறுக்குகிற பழக்கத்தில் மாஸ்க்கையும் இறுக்குவார்கள். இறுக்க இறுக்க அது கோணி இன்னும் ஒழுகும்.

ஆத்தங்குடியிலிருந்து ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வந்தார். அப்படி இறுக்கி இறுக்கித்தான் அவருக்கு மாஸ்க் மேல் வெறுப்பு வந்துவிட்டது. ஆனால் சிங்கப்பூரில் இருக்கிற மகள், அப்பா தினமும் மெஷின் போடுகிறாரா என்று அங்கிருந்தே கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் தினமும் போட்டார். எதில் மாட்டினார் என்பதுதான் விஷயம். டாக்டரம்மா அவருடைய ரிப்போர்ட்டை ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"காற்று ஒழுகவே இல்ல. தினமும் ராத்திரி முழுக்கப் போட்டிருக்கீக. ரொம்ப நல்லது. ஆனா இந்த ரிப்போர்ட்டுப்படி நீங்க படுத்ததுல இருந்து எந்திரிக்கிறவரைக்கும் ஒரு தடவகூட மூச்சு விடல. எப்படிச் சமாளிக்கிறீக?"

அவர் தலையணையைப் பார்த்துக்கொண்டே உண்மையைச் சொன்னார். மாஸ்க்கைத் தண்ணீர்ச் சொம்பின் வாயில் கவிழ்த்து, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிட்டு, தான் பக்கத்தில் நிம்மதியாகக் குறட்டை விட்டிருக்கிறார். மகளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். டாக்டரம்மா சொல்லவில்லை. நான் அவரைப் படுக்கவைத்து வாரை நன்றாகத் தளர்த்தினேன். இதற்கா இத்தனை நாள் அந்தச் சொம்பைத் தூங்கவைத்தேன் என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார்.

இப்படி எத்தனையோ பேர். தாடி வைத்த பாய் ஒருவருக்குக் காற்று தாடி வழியாகவே ஒழுகி, அவருக்கு மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்கார்கிற சின்ன ரகம் கொடுத்துச் சரியானது. வைர மூக்குத்தி போட்ட ஆச்சி ஒருவருக்கு அந்தச் சின்ன ரகம் மூக்குத்தியின் திருகில் இடித்து, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய ரகம் கொடுக்க வேண்டி வந்தது. ஆனால் என்னிடம் யாராவது ரொம்பக் கஷ்டமான கேஸ் எது என்று கேட்டால் நான் சொல்வது சொக்கலிங்கம் மாஸ்டரைத்தான்.

மாஸ்டருக்கு ஊர் கண்டரமாணிக்கம். கல்யாணச் சமையல். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு, கழுத்து இருக்கிற இடமே தெரியாது. அவர் மூக்கு சுற்றுவட்டாரத்தில் பிரசித்தம். எதையும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டார், வாசத்திலேயே பக்குவம் சொல்வார். முதல் நாள் எங்கள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சி, உங்க கேன்டீன் ரசத்துக்குப் பழைய புளி போட்டிருக்காக என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்.

அவரை இழுத்துக்கொண்டு வந்தது அவர் மனைவி தெய்வானை. அதே சமையல் குழுவில் பலகாரத்தைப் பார்த்துக்கொள்கிறவர். மெலிந்த உருவம், சுருக்கமான பேச்சு. டாக்டரம்மா வழக்கம்போல் அவரிடம் கேட்டார். தெய்வானை மாமியார்வரைக்கும் போகவில்லை. நடந்ததை மட்டும் சொன்னார். கீழச்சிவல்பட்டியில் ஒரு கல்யாணத்தில் பணியாரத்துக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தபோது, மாஸ்டர் கையில் கரண்டியோடு சட்டி மேல் அப்படியே சாய்ந்திருக்கிறார். பக்கத்தில் நின்றவர் தெய்வானைதான். சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்திருக்கிறார். பொத்தானெல்லாம் தெறித்துப்போயிருக்கிறது.

மாஸ்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "நான் தூங்கல டாக்டரம்மா. கண்ண மூடி வாசம் பிடிச்சேன்" என்றார்.

அது அவருடைய நெடுநாள் பழக்கம் என்று பிறகு தெரிந்தது. அண்டாவுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் மாஸ்டர் வாசம் பிடிக்கிறார் என்று குழுவே பேச்சை நிறுத்திவிடுமாம். கல்யாண வீட்டுக்காரர்கள் தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்களாம். டாக்டரம்மா, வாசம் பிடிக்கும்போது குறட்டையும் வருமா என்று தெய்வானையிடம் கேட்டார். சில நாள் வரும் என்றார் தெய்வானை.

பரிசோதித்துப் பார்த்ததில் நோய் கடுமையாகவே இருந்தது. மாஸ்க் பழகும்வரைக்கும் அடுப்புப் பக்கம் நிற்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அடுத்தடுத்து முகூர்த்தங்கள் பேசி வைத்திருந்த நேரம். அடுப்பை விட்டு நின்றால் பந்தியில போயா நிக்கிறது என்று கேட்டார் மாஸ்டர். சட்டிக்குள்ள விழுந்தா எங்குட்டுமே நிக்க முடியாது என்றார் டாக்டரம்மா.

முதலில் மூக்கு, வாய் இரண்டையும் மூடுகிற ரகத்தை மாட்டினேன். அவர் தூங்குவதற்கு நாங்கள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, தலையணையில் தலை படுவதற்கு முன்பே தூங்கிவிட்டார். ஆனால் கொஞ்ச நேரத்தில் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். பிரியாணியை மூடித் தம் போடுகிற மாதிரி தன்னை யாரோ தம் போட்டு வைத்ததாகச் சொன்னார். அதோடு அது புது பிளாஸ்டிக் குடம் நாறுவது போல் நாறுகிறதாம். நான் மோந்து பார்த்தேன். எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்து மறுபடி கொடுத்தேன். இப்போது நனைந்த பிளாஸ்டிக் குடம் என்றார்.

அடுத்தது மூக்கை மட்டும் மூடுகிற ரகம். அதில் தம் போடுகிற குறை இல்லை. ஆனால் அவர் குப்புறப் படுக்கிறவர். மாஸ்க் தலையணையில் அழுந்தி மூக்குத் தண்டில் சிவப்பாகத் தழும்பு விழுந்தது. கல்யாணம் பேச வந்த ஒரு வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, தெய்வானையைத் தனியாகக் கூப்பிட்டு, என்ன இருந்தாலும் நீ கை நீட்டியிருக்கக் கூடாது ஆத்தா என்று புத்தி சொல்லிவிட்டுப் போனாராம்.

மூன்றாவது, துவாரத்தில் மட்டும் உட்கார்கிற சின்ன ரகம். அதிலும் குழாய் தலை உச்சியிலிருந்து போகிற மாதிரி ஒன்றைத் தருவித்தோம். குப்புறப் படுத்தாலும் இடிக்காது. கன்னத்தில் வார் பதியாமல் இருக்கத் தெய்வானை பழைய வேட்டித் துணியில் உறை தைத்துப் போட்டுவிட்டார். மாட்டிப் படுக்கவைத்துப் பஞ்சுத் திரியைச் சுற்றிக் கொண்டுபோனேன். ஆடவே இல்லை. மாஸ்டர் அன்றைக்கு மத்தியானம் தூங்கி எழுந்தபோது, எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாதவர் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, ஜன்னலுக்கு வெளிய அம்புட்டு வெளிச்சமாவா இருக்கு என்று கேட்டார். எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டரம்மா என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, ராணி, வீட்டுக்குக் குடுத்து அனுப்பு என்றார்.

ஒரு வாரம் கழித்து அவர் மட்டும் தனியாக வந்தார். தலையணை இல்லை, மெஷின் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். வராந்தாவில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சிஸ்டர், எனக்கு வாசம் தெரியல" என்றார்.

அவ்வளவு பெரிய ஆள் அதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. காலையில் வீட்டில் பெருங்காயம் பொரித்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் என்ன வாசம் என்று கேட்டார்களாம், இவருக்குத் தெரியவில்லையாம். வெந்தயத்தைக் கருக விட்டுப் பார்த்திருக்கிறார். புகைதான் கண்ணில் பட்டதாம். முழித்திருந்து என்ன பிரயோஜனம், மூக்கு போன சமையல்காரனை எவன் கூப்பிடுவான், எனக்குத் தூக்கமே இருந்துட்டுப் போகட்டும், இந்தாங்க உங்க மெஷின் என்று பையை நீட்டினார். அவரை நான் அதுவரை சிரிப்பாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மெஷினைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் போய்த்தான் நிற்பார். ஒவ்வொரு தடவையும் தெய்வானை பக்கத்தில் இருப்பாரா என்று யாருக்குத் தெரியும்.

டாக்டரம்மாவின் அறைக்குக் கூட்டிப்போனேன். அவர் மாஸ்டரின் மூக்கில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். உள்ளே சிவந்து வீங்கியிருந்தது. காற்று வறண்டு போயிருக்குமோ என்று, மெஷினில் தண்ணீர் ஊற்றுகிற சின்னத் தொட்டியைப் பார்க்கச் சொன்னார். மூக்கு காய்ந்துவிடாமல் காற்றை ஈரப்படுத்துவதற்கு உள்ள தொட்டி அது. நான் மூடியைத் திறந்தேன். அறை முழுக்கப் பாயச வாசம் அடித்தது.

தொட்டியின் அடியில் தேயிலை நிறத்தில் கறை படிந்திருந்தது. டாக்டரம்மா குனிந்து ஒரு தடவை மோந்து பார்த்தார்.

"ஏலக்காய். கிராம்பு. வேற என்ன?"

"பட்ட கொஞ்சூண்டு" என்றார் மாஸ்டர்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, மேடம், இவருக்கு என்ன தண்ணி ஊத்தச் சொல்லிக் குடுத்தீங்க என்று கேட்டார். சுத்தமான தண்ணீர், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் மட்டும் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தேன். மாஸ்டரே எனக்குச் சாட்சி சொன்னார்.

"சிஸ்டர் மேல தப்பில்ல டாக்டரம்மா. சுத்தமான தண்ணிதான் சொன்னாக. சுத்தமான தண்ணியிலதான் போட்டேன்."

பிளாஸ்டிக் வாடை தாங்காமல், அதை அமுக்குவதற்காகத் தினமும் ஏலமும் கிராம்பும் தட்டிப் போட்டுக் காய்ச்சி ஊற்றியிருக்கிறார். அந்தக் காரமான ஆவி ராத்திரி முழுக்க மூக்கிலேயே அடித்து, உள்தோலைப் புண்ணாக்கிவிட்டது. டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. சில நாள் உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவச் சொன்னார், புண் ஆறினால் வாசம் திரும்ப வரும் என்றார். நிச்சயமா வருமா என்று மாஸ்டர் கேட்டார். வரும் என்றுதான் நினைக்கிறேன், வந்ததும் எனக்கு வந்து சொல்லுங்க என்றார் டாக்டரம்மா. நான் புதுத் தொட்டி போட்டேன். மாஸ்க்கையும் புதிதாக மாற்றி, தினமும் கழுவிக் கழுவிக் காற்றோட்டமாக உலர்த்தி, என் மூக்குக்கு மட்டும் இல்லாமல் கேன்டீன்காரர், வாட்ச்மேன் என்று எல்லார் மூக்குக்கும் காட்டி, வாடையே இல்லை என்று ஆன பிறகு கொடுத்தேன்.

அந்த நாட்களில் வேலையே ஓடவில்லை. பிறகு ஒரு நாள் காலை, நான் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தும்போது மாஸ்டர் அங்கே நின்றுகொண்டிருந்தார். கண்ணை நன்றாகத் திறந்து வைத்திருந்தார். ரசத்துக்கு இன்னும் அதே புளிதான் போடுறாக என்றார். நான் அப்படியே ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் அடுப்புக்குத் திரும்பிப்போன பிறகு அடுத்த பரிசோதனைக்கு இருவரும் வந்தார்கள். வராந்தா பெஞ்சில் ஒருவர் இந்தக் கோடியில், ஒருவர் அந்தக் கோடியில். ரிப்போர்ட் பிரமாதமாக இருந்தது. மாஸ்க் ஒழுகவில்லை, மூச்சு நிற்கவில்லை, பகல் தூக்கம் அறவே போய்விட்டது. டாக்டரம்மா சந்தோஷமாகத் தெய்வானையிடம் கேட்டார், இப்ப எப்படி இருக்காரு என்று.

"முழிச்சிருக்காக. அதான் பிரச்சன" என்றார் தெய்வானை.

அடுப்புக்குத் திரும்பிய பிறகு முதல் கல்யாணத்தில் சாம்பாரை ஒருவராலும் வாயில் வைக்க முடியவில்லையாம். அவ்வளவு உப்பு. அரிசி கழுவிய தண்ணீரில் செய்கிற வெண்டைக்காய் மண்டியிலும் உப்பு. அவசரமாகப் பருப்பு வேகவைத்துக் கலந்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். விசாரித்ததில், மாஸ்டர் கவனமாக அளந்துதான் உப்புப் போட்டிருக்கிறார். தெய்வானையும் வழக்கம்போல் போட்டிருக்கிறார்.

வழக்கம்போல் என்ற சொல்லில்தான் சண்டை ஆரம்பித்தது. எங்களுக்கு முன்னாலேயே, அது என்ன வழக்கம் என்று மாஸ்டர் மறுபடியும் கேட்டார். தெய்வானை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கண்ண மூடிட்டு நிப்பீக. எழுப்புனா ஆளுக முன்னாடி உங்களுக்குத்தான் அசிங்கம். உப்புப் போட்டீகளா இல்லையான்னு உங்களுக்கே தெரியாது. அதான் நான் போட்டுருவேன்."

"சாம்பாருக்கா?"

"எல்லாத்துக்கும்."

"மண்டிக்கு?"

"நாந்தான்."

"கோசுமல்லிக்கு?"

"அது மட்டும் நீங்க."

"அது நல்லா இருந்துச்சா?"

தெய்வானை டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா மேசை மேல் இருந்த பேனாவைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாஸ்டர், இவ்வளவு வருஷமும் ஊர் ஊராக வாங்கின நல்ல பெயரையெல்லாம் மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில், அப்ப நல்ல பேரு வாங்குனது யாரு என்று மெதுவாகக் கேட்டார். கோபம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"வாசம் நீங்க, உப்பு நானு. பேரு நம்ம வீட்டுக்குத்தான வந்துச்சு" என்றார் தெய்வானை.

டாக்டரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, தூக்கத்துக்குத்தான் நான் வைத்தியம் பார்த்தேன், முழிப்பை நீங்கள் இரண்டு பேரும்தான் பேசிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். போகும்போது மெஷின் பையை மாஸ்டர் தூக்கிக்கொண்டார், தலையணையைத் தெய்வானை வாங்கிக்கொண்டார். பிறகு கேள்விப்பட்டேன், கல்யாணம் பேச வருகிறவர்களிடம் மாஸ்டர், பக்குவம் கேட்கணும்னா வீட்டுல கேளுங்க என்று தெய்வானையைக் காட்டிவிடுகிறார் என்று.

நான் ஓய்வு பெற்ற நாளில் ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தார்கள். சமையலுக்கு யாரைச் சொல்வது என்ற பேச்சே எழவில்லை. மாஸ்டரும் தெய்வானையும் விடிவதற்கு முன்பே வந்து, கேன்டீன்காரரை வெளியே அனுப்பிவிட்டு, புதுப் புளி வாங்கிவரச் சொல்லிவிட்டு அடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். மாடி வரைக்கும் வாசம் வந்தது. நோயாளிகளெல்லாம் பசியோடு என்னைப் பார்த்தார்கள்.

இலை போட்டார்கள். எனக்குப் பக்கத்தில் டாக்டரம்மா, அந்தப் பக்கம் நஸ்ரின். மாஸ்டரும் தெய்வானையும் தூண் ஓரமாகக் கைகட்டி நின்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாம்பார் ஊற்றிப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தேன். என்ன வாசம், என்ன பதம். உப்பு மட்டும் இல்லை. மண்டியைத் தொட்டேன், அதிலும் இல்லை. மெல்லத் திரும்பி டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இலை ஓரத்தில் வைத்திருந்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்துச் சாதத்தில் கலந்துகொண்டார். பிறகு தலையை நிமிர்த்தி, மாஸ்டர், சாம்பார் இன்னும் கொஞ்சம் என்றார். அதைப் பார்த்து நானும் எடுத்துக்கொண்டேன். நஸ்ரின் எடுத்துக்கொண்டாள். பந்தி முழுக்க ஒவ்வொரு கையாக இலை ஓரத்துக்குப் போய் வந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.

கடைசியாக அவர்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து நானே பரிமாறினேன். அவர்கள் எவ்வளவோ மறுத்தும் கேட்கவில்லை. மாஸ்டர் ஒரு வாய் வைத்தார், கை நின்றது. தெய்வானை ஒரு வாய் வைத்தார், அவர் கையும் நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ போடலையா?"

"நீங்க போடலையா?"

சிஸ்டருக்கு இது உன் கைப்பக்குவமா இருக்கட்டும்னு விட்டேன் என்றார் மாஸ்டர். முழிச்சுத்தான இருக்காக, இன்னிக்கு அவுகளே போடட்டும்னு விட்டேன் என்றார் தெய்வானை. நாங்கள் சாப்பிட்டு முடித்த இலைகளையெல்லாம் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு இலையிலும் எதுவும் மிச்சம் இல்லை.

நான் உப்புக் கிண்ணத்தை எடுத்து வந்து, இரண்டு இலை ஓரத்திலும் வைத்தேன்.